ஏகமனதாக

மலையடிவாரத்துக்குப் பஸ்ஸில் வந்த ஒன்றரை மணி நேரமும் பூவராகன் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தார். இறங்கி நடந்தபோதும் திட்டு ஓயவில்லை.

தையல்நாயகி அம்மா கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்க ஐயா. உட்காருங்க.”

“உட்கார்ற நிலைமையில நான் இல்லை அம்மா,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பூவராகனுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் ஸ்டேஷன் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு நாற்பத்தாறு. முன்பு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவர், இப்போது இந்த ஐந்து அறை ஆசிரமத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்ற புதிதில், ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் தவித்த பூவராகனுக்கு மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரைக் குரு என்று சொல்கிறாரே என்று வீட்டில் கேலி செய்வார்கள். பூவராகன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“அந்த ஆறு பேரும் மனுஷங்களே இல்லை அம்மா,” என்றார்.

“யாரு?”

“எங்க கமிட்டிதான். வேற யாரு?”

அவர் ‘அடைக்கல இல்லம்’ என்ற அறக்கட்டளையின் செயலாளர். மனநோய் குணமான பிறகும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வராத பெண்கள் முப்பத்திரண்டு பேர் அந்த இல்லத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. உறவினர் கையெழுத்து இல்லாமல் யாரும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. உறவினர் என்று ஒருவரும் எட்டிப் பார்க்காததால்தான் அந்தப் பெண்கள் அங்கே கிடக்கிறார்கள். அவர்களிடம் போய் உறவினர் கையெழுத்துக் கேட்கிற விதி. அதை எழுதி ஒன்பது வருடமாகிறது. வருடா வருடம் புதுப்பித்தும் வருகிறார்கள்.

பூவராகன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பென்சிலில் எழுதிய மனு.

‘ஐயா, எனக்கு முந்திரி ஆலையில் பருப்புத் தரம் பிரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நடந்து போகிற தூரம்தான். வருகிற திங்கட்கிழமை காலை சேரச் சொல்கிறார்கள். உறவினர் கையெழுத்து இருந்தால்தான் வெளியே விடுவோம் என்கிறீர்கள். உறவினர் இல்லாததால்தானே ஐயா இங்கே இருக்கிறேன். கையெழுத்துக்கு நான் யாரிடம் போவேன்? இது என் மூன்றாவது மனு. இப்படிக்கு, சி. கோசலை.’

“எத்தனை வருஷமா இருக்கா இந்தப் பொண்ணு?”

“ஆறு வருஷம். மாத்திரையைத் தவிர வேற ஒரு குறையும் கிடையாது. சமையல்கட்டே அவ கையிலதான் இருக்கு. திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளை வெச்சுக்குவோம்னு ஆலைக்காரர் சொல்லிட்டார்.”

“கமிட்டி எப்போ கூடுது?”

“ஞாயித்துக்கிழமை.”

“அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணினா, திங்கக்கிழமை அவ வேலைக்குப் போகலாமே.”

“அதான் நடக்காதுங்கறேன்!” பூவராகன் பையைத் திறந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்தார். கமிட்டியின் மினிட் புத்தகம். சிவப்புக் கயிறு வைத்திருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார்.

அம்மா படித்தார். ‘பொருள் ஐந்து. கோசலையின் மனு பரிசீலிக்கப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது.’ கீழே ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

“ஐயா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே?”

“ஆமாம்.”

“கூட்டம் ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்க.”

“முன்கூட்டியே எழுதி வெச்சுடுவேன் அம்மா. அங்கே வந்து உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தா நேரமாகும். கையெழுத்து மட்டும் போட்டுட்டுக் கிளம்பிடுவாங்க.”

“இது நீங்க எழுதினது. அவங்க மேல எதுக்குக் கோபம்?”

“நான் மனசாரவா எழுதறேன்? அந்தப் பொண்ணு வேலைக்குப் போகணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா கமிட்டியில ரைஸ் மில் சம்பந்தம் ஒத்துக்க மாட்டார். தலைவர் டாக்டர் ஒத்துக்கவே மாட்டார். அவங்க மனசு எனக்குத் தெரியாதா?”

“கேட்டீங்களா?”

“ஒன்பது வருஷமாப் பார்க்கறேன். கேட்க வேற வேணுமா?”

அம்மா புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை காலையில ஏழு பேரும் இங்கே வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தங்குங்க.”

பூவராகனுக்குச் சுரீர் என்று ஏறியது. “மூணு நாளா? அந்தப் பொண்ணு கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா அம்மா! நாங்க ஏழு பேரும் மலையடிவாரத்துல வந்து கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்தா அந்தக் கேட் தானாத் திறந்துக்குமா?”

“உங்க கூட்டம் எத்தனை நேரம் நடக்கும்?”

“நாற்பது நிமிஷம். ஒரு நாளும் நாற்பத்தொண்ணு ஆனதில்லை,” என்றார். அவ்வளவு கோபத்திலும் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

“அதுக்குத்தான் கூப்பிடறேன்,” என்று சொல்லிவிட்டு அம்மா கீரையைக் கழுவ எழுந்தார்.

குரு சொல்லைத் தட்டவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. அன்று சாயங்காலமே எல்லோருக்கும் போன் போட்டார். தலைவர் டாக்டர் இன்னாசிமுத்து, “ரிட்ரீட்டா? எங்க கோயில்ல வருஷா வருஷம் தியானம்னு போவோம். நல்ல விஷயம்தான்,” என்றார். ரைஸ் மில் சம்பந்தம், “ரிசார்ட்டா? சாப்பாடெல்லாம் எப்படி?” என்றார். ஜமீலா டீச்சர், “டாக்டர் வர்றாரா? அப்ப நானும் வர்றேன்,” என்றார். மற்ற மூவரும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கமிட்டியில் எதுவுமே அப்படித்தான் நடக்கும்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருடைய போனையும் வாங்கி அம்மா ஓர் அரிசி டிரம்மில் போட்டு மூடினார். அதன்பிறகு நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. பேச்சாளர் இல்லை, பேனர் இல்லை, பொன்னாடை இல்லை. ஆளுக்கொரு கத்தி கொடுத்தார். நடுவில் வாழைத்தண்டும் பரங்கிக்காயும் கிடந்தன.

“வேலை வாங்கத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?” என்று சம்பந்தம் பூவராகன் காதில் சீறினார்.

பூவராகனுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பு ஊசலாடுகிறது. இங்கே அறங்காவலர்கள் வாழைத்தண்டில் நார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானம் அவர் பொறுமை இழந்து அம்மாவிடம் போனார்.

“கமிட்டி மொத்தமும் இங்கேயே இருக்கு. கூட்டத்தை இப்பவே முடிச்சுடட்டுமா? நாற்பது நிமிஷம் போதும்.”

“முதல்ல சாப்பிடுங்க,” என்றார் அம்மா.

சாப்பிட்டார்கள். பதினோரு வருடமாக ஒரே கமிட்டியில் இருக்கிறவர்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வரும், அதோடு சரி. டாக்டரின் வலது கை நடுங்குவதைப் பூவராகன் அன்றுதான் கவனித்தார். ஜமீலா டீச்சர் அந்தக் கைக்குப் பக்கத்தில் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது போல.

மறுநாள் காலை ஆறரைக்கு டாக்டர் நடைபயிற்சிக்குக் கிளம்பினார். ரோட்டு முனையில் ஒரு டீக்கடை இருக்கிறது. போகிற வழியில் கேட் பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம்.

“கேட்டைக் கொஞ்சம் திறங்கம்மா.”

“உறவினர் கையெழுத்து வேணும் டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். “என் சம்சாரம் போய் நாலு வருஷமாச்சு. பையன் கனடாவுல. யாரைக் கூட்டிட்டு வர்றது?”

“அப்ப வெளியே விட முடியாது.”

அம்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரின் சிரிப்பு நின்றது.

சத்தம் கேட்டு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். சம்பந்தம் கேட்டைப் பிடித்து உலுக்கினார். “என்னம்மா இது? எனக்கு அறுபது வயசு. நான் டீ குடிக்கப் போறதுக்கு எவன் கையெழுத்து போடணும்? நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்? யார் போட்ட சட்டம் இது?”

“நீங்கதான் போட்டீங்க. ஏகமனதா.”

அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். ‘உறவினர் கையெழுத்து இல்லாமல் எழுவரில் எவரும் வெளியே செல்ல அனுமதி இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ கீழே ஏழு பெயர்கள். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இங்கே வந்து நாங்க கூட்டமே போடலையே!” என்றார் டாக்டர்.

“முன்கூட்டியே எழுதிட்டேன். நேரம் மிச்சம் பாருங்க.”

ஒவ்வொருவராகப் பூவராகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் சூடாகியது. மூன்று வருடமாகக் குருவே என்று கும்பிட்ட பெண்மணி நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்று ஆத்திரம் பொங்கியது.

“இதைத் தனியா என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா. இப்படி ஊர் பார்க்க...”

“ஊரெல்லாம் எங்கே ஐயா இருக்கு? கேட்தான் பூட்டியிருக்கே.”

“எப்ப வரைக்கும் பூட்டி வெப்பீங்க?” என்று கேட்டார் சம்பந்தம்.

“அது இதுல எழுதலை,” என்று சொல்லிவிட்டு அம்மா முக்காலியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

போக இடமில்லாத ஏழு பேர் பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் அம்மாவைத் திட்டினார்கள். அது தீர்ந்ததும் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் யாராவது மணி பார்ப்பார்கள், பூவராகன் புத்தகத்தை நீட்டுவார், கூட்டம் முடிந்துவிடும். இங்கே மணி பார்த்து என்ன ஆகப்போகிறது?

“அந்த விதியை யார் கேட்டது?” என்றார் டாக்டர். “நான் கேட்கலை. இல்லத்துல இருந்த பவுனம்மா பஸ்ஸுல அடிபட்டுச் செத்தப்போ ஜமீலா டீச்சர் ரெண்டு நாள் அழுதாங்க. அவங்களுக்காகத்தான் விதின்னு நினைச்சேன்.”

ஜமீலா டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. “நான் பவுனம்மா செத்ததுக்கு அழுதேன் டாக்டர். மத்த பொண்ணுங்களைப் பூட்டி வைங்கன்னு அழலை! நீங்க டாக்டராச்சே, உங்களுக்குத் தெரியாததான்னுதான் நான் கையெழுத்து போட்டேன்.”

மற்ற மூவரில் ஒருவர் டாக்டரைப் பார்த்துப் போட்டாராம். இன்னொருவர் டீச்சரைப் பார்த்து. மூன்றாமவர், “எல்லாரும் போட்டிருந்தாங்க. நான் ஒருத்தன் எப்படிப் போடாம இருக்கறது?” என்றார்.

“கோசலையோட மனுவை ஒத்திவெச்சது?” என்று கேட்டார் பூவராகன்.

“நான் அதைப் பார்க்கவே இல்லையே,” என்றார் டாக்டர். “மனுன்னு ஒண்ணு வந்ததா?”

“மூணு வந்திருக்கு,” என்றார் பூவராகன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். “மூணு மனு வந்திருக்கு டாக்டர்.”

“நீங்க ஏன்யா எங்களுக்குக் காட்டலை?” இப்போது டாக்டர் கத்தினார். அவர் கத்தியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. “நான் ஒத்துக்க மாட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது? என் மனசுக்குள்ள புகுந்து பார்த்தீங்களா?”

“உங்க முகத்தைப் பார்த்தா...”

“என் முகத்துக்கு என்ன? எனக்கு முகமே இப்படித்தான்!”

வேறு சமயமாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ஜமீலா டீச்சர் கையை நீட்டினார். “அந்தப் புத்தகத்தைக் கொடுங்க சார். முதல்ல என்ன எழுதினோம்னு பார்க்கலாம்.”

பூவராகன் பையைத் திறந்தார். ஒன்பது வருடமும் அந்த ஒரே புத்தகத்தில்தான் இருந்தது. டீச்சர் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். எட்டாம் வருடம், ஏழாம் வருடம், ஆறாம் வருடம். ஒரே வாக்கியம், ஒரே கையெழுத்து. முதல் வருடத்துக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

‘பவுனம்மாவின் மறைவை அடுத்து, இல்லத்தின் முன்னுள்ள சாலையில் வேகத்தடை போடப்படும் வரை, உறவினர் கையெழுத்து இல்லாமல் எவரும் வெளியே செல்ல அனுமதி இல்லை.’

நிறுத்தினார். இன்னொரு தடவை, மெதுவாக, “வேகத்தடை போடப்படும் வரை” என்றார்.

“அதை அந்த வருஷ மழைக்கு முன்னாடியே போட்டுட்டாங்களே,” என்றார் டாக்டர். “ரெண்டு போட்டிருக்கு. நான் வர்றப்ப எல்லாம் கார் அதுலதானே ஏறி இறங்குது.”

டீச்சர் அடுத்த வருடத்துப் பக்கத்தைத் திருப்பினார். ‘உறவினர் கையெழுத்து இல்லாமல் எவரும் வெளியே செல்ல அனுமதி இல்லை.’ அவ்வளவுதான். ‘வரை’ இல்லை.

பூவராகனுக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்துவிட்டது. அது பக்கத்தின் கடைசி வரி. முழு வாக்கியமும் கொள்ளவில்லை. அடுத்த பக்கம் போனால் கையெழுத்து போடும் இடம் தள்ளிப்போகும், பார்க்க அழகாக இருக்காது. அதனால் முன்பகுதியை வெட்டிவிட்டார். அதற்கடுத்த வருடம் வெட்டியதைப் பார்த்து எழுதினார். அப்படியே எட்டு வருடம்.

முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் இருந்த மனிதர். பாலத்தில் பழுது, வேகம் முப்பதுக்கு மேல் போகாதே என்று ரயில் டிரைவருக்கு எச்சரிக்கை உத்தரவு எழுதிக் கொடுக்கிறவர். அதில் எந்தத் தேதி வரை என்று இருக்கும். ‘வரை’ இல்லாத உத்தரவை ஒரு டிரைவர் கையில் அவர் கொடுத்தது கிடையாது. ஒரு கூட்ஸ் வண்டிக்குக் காட்டிய அக்கறையை முப்பத்திரண்டு பெண்களுக்குக் காட்டவில்லை. பார்க்க அழகாக இருக்காதாம்! அவருக்குத் தன் வலது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“நான்தான்,” என்றார். “வேற யாரும் இல்லை. நான்தான்.”

“நீங்க மட்டும் எப்படி?” என்றார் டாக்டர். அவர் கோபம் இன்னும் தணியவில்லை. “ஒன்பது கையெழுத்து போட்டிருக்கேன் நான். ஒரு தடவையாவது படிச்சேனா?”

அன்று முழுவதும் சண்டைதான். சாப்பிட எழுந்தார்கள், வந்து உட்கார்ந்து திரும்பவும் சண்டை போட்டார்கள். ராஜினாமா செய்கிறேன் என்று ஒருவர் எழுந்து கேட் வரை போய், பூட்டியிருந்ததால் திரும்பி வந்தார். பொழுது சாயும் நேரத்தில், மரத்தடிக்கு வந்ததிலிருந்து வாயே திறக்காத சம்பந்தம் பேசினார்.

“எல்லாரும் பேசிட்டீங்க. நான் ஒண்ணு சொல்லணும். நான் யார் முகத்தையும் பார்த்துக் கையெழுத்து போடலை. பவுனம்மாவை ரோட்டுலேருந்து தூக்கினவன் நான். என் வேட்டி பூரா ரத்தம். கேட் பூட்டியே இருக்கட்டும்னு அன்னைக்கு நினைச்சேன், இன்னைக்கும் அப்படித்தான் நினைக்கறேன். நாளைக்கு இன்னொருத்தி அடிபட்டா யார் பதில் சொல்றது?”

“இதை ஏன் இத்தனை வருஷமாச் சொல்லலை?” என்று கேட்டார் டீச்சர்.

“யார் கேட்டீங்க?”

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கேட்டைத் திறந்துவிட்டார். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பலா மரத்தடியில் ஆறு பேரும் சம்பந்தத்தோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குப் பூவராகன் புத்தகத்தைத் திறந்தார். முன்கூட்டி எழுதிய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த பக்கத்தில் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, சொன்னபடியே எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. இரண்டரைப் பக்கம் ஆயிற்று. ‘கையெழுத்து விதி இன்று முதல் ரத்து. கோசலை நாளை வேலைக்குப் போகலாம். ஆறு பேர் ஆதரவு. சம்பந்தம் எதிர்ப்பு.’

“எதிர்ப்புன்னு நல்லாத் தெரியற மாதிரி எழுதுங்க,” என்றார் சம்பந்தம். “நாளைக்குக் காலையில அவ ரோட்டைத் தாண்டறப்போ நான் வந்து நிப்பேன். அதை எழுத வேணாம்.”

பூவராகன் அம்மாவைத் தேடிக்கொண்டு போனார். அம்மா டிரம்மைத் திறந்து போன்களை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா ஐயா?”

“முடிஞ்சுது. ஆனா ஒண்ணு கேட்கணும். நான் முன்கூட்டியே எழுதறது தப்புன்னு செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும். அன்னைக்கே கிணத்தடியில சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம்.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“அதையும் ஏகமனதா ஒத்திவெச்சிருப்பீங்க.”

பூவராகனுக்குச் சுருக்கென்றது. விடாமல் கேட்டார். “தியானம்னு வந்து மூணு நாளும் சண்டைதான் போட்டோம். ஒரு நிமிஷம் கண்ணை மூடலை. இதுக்கு எதுக்கு அம்மா ஆசிரமம்?”

“நாற்பது நிமிஷத்துல சண்டை போட முடியுமா ஐயா?”

அவர் தன் போனை எடுத்துக்கொண்டார். இல்லத்து மேட்ரனைக் கூப்பிட்டு, கோசலையிடம் கொடுக்கச் சொன்னார். நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“கோசலை, நீ நாளைக்கு வேலைக்குப் போகலாம்மா. விதியை எடுத்தாச்சு. கையெழுத்தெல்லாம் இனிமே யாருக்கும் வேணாம்.”

நன்றி சொல்லி அழுவாளோ என்று நினைத்தார்.

“அப்ப அந்த விதி எதுக்கு சார் இருந்துச்சு?” என்றாள் கோசலை.

“அது வந்து... ரோட்டுல ஸ்பீடு பிரேக்கர் போடற வரைக்கும்னு...”

“ஸ்பீடு பிரேக்கரா? நான் வந்த அன்னைக்கே அது அங்கே இருந்துச்சே சார். ஆறு வருஷம் சார். எங்கம்மா செத்ததுக்குப் போக விடலை. செத்தது யாருன்னு தெரிஞ்சும், உறவுக்காரங்க கையெழுத்து கொண்டு வான்னாங்க மேட்ரன். செத்தவங்கதான் சார் எனக்கு உறவு. எங்கே போய் வாங்கறது கையெழுத்து? நாளைக்குப் போன்னு இன்னைக்குச் சொல்றீங்க. எதுக்கு சார் இத்தனை நாள் பூட்டி வெச்சீங்க? யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?”

அவள் நிறுத்தவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. பூவராகன் போனைக் காதிலிருந்து எடுத்து, கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

“நல்லது சொல்லத்தான் அம்மா கூப்பிட்டேன். அஞ்சு நிமிஷமாத் திட்டிக்கிட்டே இருக்கா. வெச்சுடட்டுமா?”

அம்மா டிரம்மின் மூடியைப் போட்டு அழுத்தினார்.

“உங்களுக்குக் கோபப்பட மூணு நாள் கொடுத்தேன் ஐயா. அவளுக்கு அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?”

பூவராகன் போனைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார்.